ந என்றால் ஸ

என் அப்பா ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். காரைக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வரும்வரை பல நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை இல்லை. அம்மாவும் வேலைக்குப் போய்விடுவாள், என்னைத் தனியாக விட மனசு வராது. பட்டறை ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைப்பார். ஈர மணல் வாசனை, சிமென்ட் வாசனை, தொட்டித் தண்ணீரில் கல்லை ஒவ்வொன்றாக இறக்கும் சத்தம். என் முதல் நினைவுகளெல்லாம் அவைதான்.

ஒருநாள் அப்பா என் கையைப் பிடித்து அச்சின் மேல் வைத்தார். பூக்கல் அச்சு என்பது ஒரு சதுரச் சட்டத்துக்குள் உலோகத் தகடுகளை வளைத்துப் பொருத்திய தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு நிறச் சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி இதழ்கள், நான்கு மூலையிலும் கொடி. தகட்டின் விளிம்பிலேயே விரலை ஓட்டி முழுப் பூவையும் சுற்றி வந்துவிட்டேன். அதற்கு முன் பூ என்றால் எனக்கு மல்லிகை, அப்புறம் செவ்வந்தி. அன்றைக்குத்தான் வரைந்த பூ என்றால் என்னவென்று தெரிந்தது.

அப்புறம் அப்பா காய்ந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். தடவினேன். வழவழவென்று, குளுகுளுவென்று, கண்ணாடி மாதிரி.

“பூ எங்கப்பா?”

“இருக்கு ஆத்தா. கையில படாது.”

ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் செய்வார்கள். அச்சைக் கண்ணாடி மேல் வைத்து, நிறங்களை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவையைப் போட்டு அமுக்குவார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம்தான் கடைசியில் கல்லின் முகம். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அந்தத் தரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். நானும் அதில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், அந்தக் குளிர்ச்சி எனக்கும் பிடிக்கும். பூ மட்டும் படாது.

பத்து வயதில் பாட்டு வகுப்பில் பக்கத்தில் இருந்த பெண்ணின் ஸ்வர நோட்டைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூரில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் படித்தேன். கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வரும்போதெல்லாம் ஒரு வாத்தியாரிடம் வயலின் கற்றுக்கொண்டேன். பழைய வளவு வீடு ஒன்றின் முகப்பில் வகுப்பு நடக்கும். முட்டைச் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் ஏப்ரல் மாதத்திலும் முதுகு ஜில்லென்று இருக்கும். காரைக்குடி என்றால் இசைக்காரர்கள் வீணையைச் சொல்வார்கள், சுப்பராமய்யர், சாம்பசிவய்யர் சகோதரர்களைச் சொல்வார்கள். எங்கள் வாத்தியாரும் அவர்களைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது. அருமையான மனிதர். என் வில் பிடிப்பை என் முழங்கையைத் தொட்டே திருத்தினார். பொறுமை என்றால் அவ்வளவு பொறுமை.

புதுப் பாடம் தொடங்கினால் முதலில் ஸ்வரத்தைச் சொல்வார். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். ஏழெட்டுப் பேனா ஒரே நேரத்தில் தாளில் ஓடும் சத்தம் கேட்கும். நானும் என் பிரெயில் சிலேட்டையும் ஊசியையும் பையிலிருந்து எடுத்தேன். முதல் நாளே தடுத்துவிட்டார்.

“உனக்கு எதுக்கும்மா அது? உனக்குத்தான் கேள்வி ஞானம் இருக்கே. பகவான் ஒண்ணை எடுத்தா ஒண்ணைக் குடுப்பான்.”

எல்லோரும் ஆமோதித்தார்கள். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது சுத்தமான அன்பு, அதை இன்றுவரை சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அதற்கப்புறம் எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன்! கேள்வி ஞானம். பாராட்டாகத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள்.

என் காது மற்றப் பிள்ளைகளின் காதைவிட உயர்ந்தது ஒன்றுமில்லை. வேறு வழியில்லாததால் அதிகம் பழக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். பழக்கிய காதாலும் செய்ய முடியாதவை உண்டு. கேட்டுக் கற்றுக்கொள்ளும்போது பாட்டு எப்போதும் ஒருவர் வழியாகத்தான் வருகிறது. அவர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கே நானும் நிறுத்துகிறேன். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில் ஒன்றை அவர் விட்டுவிட்டால் என் பாட்டிலும் அது இல்லை. ஆறு மாதம் கழித்துச் சரணத்தில் ஓரிடம் மறந்துபோனால் பக்கத்துப் பெண் நோட்டைப் புரட்டுவாள். நான் வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது அவளைக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையிடம், உனக்கு நல்ல காது இருக்கிறது, நீ தமிழ் படிக்க எழுதக் கற்க வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

அதனால் வீட்டுக்கு வந்து ராத்திரியில் எழுதினேன்.

சிலேட்டில் எழுதுவதைப் பார்த்திராதவர்களுக்கு: இரண்டு சட்டங்களுக்கு நடுவே கனத்த தாளைச் செருக வேண்டும். மேல் சட்டத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிக்கு இடம். இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஊசியால் குத்தினால் புள்ளி தாளின் மறுபக்கம்தான் எழும்பும். ஆகவே வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். எழுதி முடித்துத் தாளைப் புரட்டினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இதை விடுதியில் கற்றுக்கொடுத்தபோது மற்றப் பிள்ளைகள் திணறினார்கள். நான் அப்பாவிடம் அடிப்பக்கம்தான் முகம் என்று ஏற்கெனவே கற்றவள், எனக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது.

தமிழ் பிரெயில் என்பது 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறை. ப என்றால் 1-2-3-4, ர என்றால் 1-2-3-5. ஸ்வரங்களை எழுத அதுவே போதும் என்று நினைத்தேன். ஸ ரி க ம ப த நி. அடுத்த நிமிஷமே சிக்கல் வந்தது. அச்சு நோட்டில் தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ஸ்தாயிக்கு, எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைப்பார்கள், கீழ் ஸ்தாயியான மந்திரத்துக்குக் கீழே. இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்துக்கு மேலே கோடு போடுவார்கள். என் எழுத்தே புள்ளிதான். அதன் மேல் எங்கே புள்ளி வைப்பது? எனக்கு நானே குறி கண்டுபிடித்தேன். அடுத்த விடுமுறைக்குள் எந்தக் குறி எதற்கு என்று மறந்துவிடும், வேறு குறி போடுவேன். விடுதியில் என்னோடு பாட்டுப் படித்த இன்னொருத்தி வேறு விதமாக எழுதினாள். அவள் எழுதியதை நான் படிக்க முடியாது, நான் எழுதியதை அவள் படிக்க முடியாது.

அந்தத் தாள்களும் நிலைக்கவில்லை. ஒரு வருஷம் நான் விடுதிக்குப் போன பிறகு அம்மா எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்காக அடுக்கி, எலி கடிக்கக்கூடாதே என்று ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டாள். பொங்கலுக்கு வந்து எடுத்தால் தாள் இருக்கிறது, புள்ளி அமுங்கிக் கிடக்கிறது. விரலை வைத்தால் எங்கோ ஓரிடத்தில் ஒரு மேடு தட்டுகிறது, மற்றதெல்லாம் சமதளம். அம்மா பதறிப்போனாள். அவளுக்கு எப்படித் தெரியும்? பாரம் ஏறினால் எழுத்து அழியும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வர்ணம் என்ற பாட்டு வகையில் நாற்பது வரிகளாவது இருக்கும். அந்தப் பொங்கலுக்கு எதையுமே வாசிக்க மனசு வரவில்லை.

கல்லூரிக்கு மதுரை போனேன். அங்கேதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். பார்வையற்றவர், பல வருஷம் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். என் கையில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து ஒரு வரியில் என் விரலை வைத்தார். “படிம்மா.”

படித்தேன். முதலில் தனியாக 5-ஆம் புள்ளி. அப்புறம் ந, ப. ஓர் இடைவெளி. ர. அப்புறம் 4-6. மறுபடி ந.

“ந, ப, ர...” என்று இழுத்தேன். ஒரு சொல்லும் அமையவில்லை.

“ந-ன்னு படிக்காத. அது ஸ.”

அவர் பாடிக்காட்டினார். ஸ க, ப, மேல் ஸ.

அந்தப் பிற்பகல் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேல்நாட்டு இசையின் பிரெயில் முறை ஒரு பெரிய அறிவாளியின் வேலை என்று அன்றைக்குப் புரிந்தது. கட்டத்தின் மேல் நான்கு புள்ளிகள் ஸ்வரத்தைச் சொல்கின்றன. கீழே இருக்கும் 3, 6 இரண்டும் காலத்தைச் சொல்கின்றன. சி என்ற ஸ்வரத்துக்கு 1-4-5. அப்படியே விட்டால் எட்டில் ஒரு பங்கு. 6-ஐச் சேர்த்தால் கால் பங்கு. 3-ஐச் சேர்த்தால் அரைப் பங்கு. இரண்டையும் சேர்த்தால் முழுசு. ஒரே தொடுதலில் என்ன ஸ்வரம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் விரலுக்கு வந்துவிடும். ஐந்து கோடு கிடையாது, கோட்டுக்கு மேலா கீழா என்ற கேள்வியே கிடையாது.

முழுசுக்கும் பதினாறில் ஒரு பங்குக்கும் ஒரே உருவம்தான். அரைக்கும் முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கும் அப்படியே. குழப்பம் வராதா என்று கேட்டேன். “கணக்கு வராதா உனக்கு?” என்றார். ஓர் அளவுக்குள், அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்குள், எட்டு இருந்தால் அவை முழுசாக இருக்க முடியாது, அவ்வளவுதான். தாளம் போட்டுப் பழகியவளுக்கு இதைவிட இயல்பான விதி எது?

ஸ்தாயிக் குறியும் அப்படித்தான். பியானோவின் நடு ஸ்தாயிக்கு 5-ஆம் புள்ளி, அதற்கு மேல் ஸ்தாயிக்கு 4-6. எல்லா ஸ்வரத்துக்கும் போட வேண்டியதில்லை. பக்கத்து ஸ்வரத்துக்கோ அடுத்ததற்கோ போனால் குறியே வேண்டாம். நாலாவது ஐந்தாவதுக்குத் தாவினால் ஸ்தாயி மாறும்போது மட்டும் போட வேண்டும். அதற்கு மேல் தாவினால் கட்டாயம் போட வேண்டும். ஸ-விலிருந்து க-வுக்கும், க-விலிருந்து ப-வுக்கும் குறி இல்லாமல், மேல் ஸ-வுக்கு மட்டும் 4-6 வந்ததன் காரணம் இதுதான். எத்தனை ஆயிரம் வரிகளைத் தடவிப் பார்த்தவர்கள் யோசித்து இதைச் செய்திருக்க வேண்டும்!

எனக்கு ஒரு சிரமம் இருந்தது. அரைப் பங்கு ஸ்வரங்கள் ஏழும் ஆங்கில பிரெயிலில் என், ஓ, பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளின் உருவம். தமிழில் அவற்றில் ஐந்து ந, ப, ர, ஸ, த. அதாவது எனக்குச் சின்ன வயதிலிருந்து ஸ்வரமாகவே பழகிய எழுத்துகள், எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. சி-யை ஆதார ஸட்ஜமாக, அதாவது ஸ-வாக வைத்தால், ந என்று விரல் படிப்பது ஸ. ப என்று படிப்பது க. ர என்று படிப்பது ப. ஸ என்று படிப்பது த. த என்று படிப்பது நி. மூன்று மாதம் தலை சுற்றியது. கை ஸ என்கிறது, மனசு த என்று பாட வேண்டும். பிறகு ஒருநாள் அந்தத் தாளில் விரல் பட்டதும் எழுத்து மறைந்து ஒலி மட்டும் வந்தது. எந்த நாள் என்று நினைவில்லை.

லூயி பிரெயிலின் கதையை அந்தப் பெரியவர்தான் முழுதாகச் சொன்னார். 1809-இல் பாரிஸ் பக்கத்தில் கூப்வ்ரே என்ற ஊரில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் செய்கிறவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசி கண்ணில் பட்டு, ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பட்டறையில் வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் உடம்பு கூசியது. பதினைந்து வயதிலேயே ஆறு புள்ளி முறையைக் கண்டுபிடித்துவிட்டார். அவரும் பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். 1829-இல் அந்த முறையை விளக்கி அவர் வெளியிட்ட முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே, சொற்களையும் இசையையும் தேவாலயப் பாடலையும் புள்ளிகளால் எழுதும் முறை என்று இருக்கிறது. இன்றைய குறிகள் பிறகு செப்பமானவை. ஆனால் பிரெயில் பிறந்த அன்றே இசையும் கூடப் பிறந்தது. எழுத்துக்காகச் செய்துவிட்டுப் பிற்பாடு இரக்கப்பட்டு இசையைச் சேர்த்ததல்ல. எனக்கு நோட்டு வேண்டாம் என்று சொன்ன எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

படித்துக்கொண்டே வாசிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாடுகிறவர்களுக்கு முடியும். ஆர்கன்காரர் ஒரு கையால் படித்து மறு கையால் வாசிக்கலாம், அப்புறம் கை மாற்றி. வயலினுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் இரண்டு அளவு படிக்கிறேன், வில்லை எடுக்கிறேன், வாசிக்கிறேன், வில்லை வைக்கிறேன், அடுத்த இரண்டு அளவு. வயலின் தாடைக்கும் தோளுக்கும் இடையில் இருக்க, இடது கை தாளுக்கும் தந்திக்கும் போய் வந்துகொண்டிருக்கும். கடைசியில் முழுவதும் மனப்பாடம் ஆகிவிடும். மெதுவான வேலைதான். ஆனால் அந்த மனப்பாடம் வேறு யார் வாசிப்பின் நிழலும் படியாத மனப்பாடம். எழுதியவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு தாள்தான்.

ஒரு தேர்வைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். இசைத் தேர்வு ஒன்றில் எழுத்துத் தாளுக்கு எனக்கு ஓர் எழுத்தரைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இசை தெரியாது. தார ஸ்தாயி ஸ என்று நான் சொன்னால் அப்படியே சொல்லாக எழுதினாள். மேலே புள்ளி வையம்மா என்றேன். எத்தனை புள்ளி என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வியர்த்து வியர்த்து எழுதினாள், பாவம். எனக்குத் தெரிந்த விடையை எனக்கே தெரியாத வடிவத்தில் யாரோ எழுதி, அதற்கு மதிப்பெண் குறைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுதேன். என் கையாலேயே நான் எழுத வேண்டும் என்ற வெறி அன்றைக்குத்தான் வந்தது.

கம்ப்யூட்டர் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. திரையில் இருப்பதைப் பேசிக்காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள், 2006-இல் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர் தொடங்கியது. அவரும் பார்வையற்றவர். அதோடு மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருள், அதுவும் இலவசம். எழுத்து விசைகளில் ஏ முதல் ஜி வரை ஸ்வரம், எண் விசைகளில் காலம். 5-ஐ அழுத்தினால் கால் பங்கு, 6 அரை, 4 எட்டில் ஒன்று. ஒவ்வொன்றையும் என்விடிஏ சொல்லிக்கொண்டே வரும். எழுதியதை மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமித்து, வியட்நாமில் சாவ் மாய் என்ற பார்வையற்றோர் மையம் இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளில் போட்டால் பிரெயிலாக மாறி வரும். 2023-இலிருந்து மியூஸ்ஸ்கோரிலேயே பிரெயில் பகுதி வந்துவிட்டது.

பிடிஎஃப் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடிஎஃப் எனக்குப் பூக்கல். அதில் பூ இருக்கிறது, எனக்குப் படாது. அதே பாட்டை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக அனுப்புங்கள், அது அச்சு. படத்திலிருந்து குறியைப் படித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் ஸ்வரத்தை அரை ஸ்வரம் உயர்த்தும் ஷார்ப் குறி ஒன்றை விட்டுவிட்டால் ராகமே மாறிப்போகிறது.

ஒரு நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் எனக்கு ஆர்பிட் ரீடர் கிடைத்தது. உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுக் கருவி. மேலே இருபது கட்டங்கள். கோப்பைத் திறந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஊசிகள் சரசரவென்று எழும்பி வரியாகும். அடுத்த வரிக்குப் போனால் அமுங்கி வேறு விதமாக எழும்பும். முதல் நாள் ராத்திரி தூங்கவில்லை. நான் எழுதிய பழைய வரிகளை நினைவிலிருந்து மறுபடி எழுதி எழுதிப் படித்தேன். இதன் மேல் ட்ரங்குப் பெட்டியை வைத்தாலும் புள்ளி அழியாது என்று அம்மாவிடம் சொன்னேன். வைக்காதே, ஆனாலும்.

இருபது கட்டம் என்பது ஒரு வீட்டின் அளவு மாதிரி, அதற்குள் குடித்தனம் நடத்தப் பழக வேண்டும். பிரெயில் தட்டச்சு செய்யும் பெர்கின்ஸ் மெஷினில் ஒரு வரிக்கு 42 கட்டம். ஆதி தாளத்து ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கைச் சுற்று ஒன்று, முதல் காலத்தில் இருபதுக்குள் அடங்கிவிடும். இரண்டாம் காலத்தில் பதினாறு ஸ்வரம், அடங்காது. ரி, நி இரண்டும் எழுத்தும் உயிர்க்குறியுமாக இரண்டு கட்டம் தின்னும். அதனால் வெறும் ர, வெறும் ந என்று எழுதத் தொடங்கினேன். ஸ்தாயிக்கு மேல்நாட்டுக் குறிகளையே எடுத்துக்கொண்டேன். மத்திய ஸ்தாயிக்கு ஒன்றும் வேண்டாம், தாரத்துக்கு 4-6, மந்திரத்துக்கு 4-5-6. தமிழில் 4-5-6 என்றால் ள. ஸ்வர வரியில் ள வர இடமே இல்லை, அதனால் மோதல் இல்லை. சின்ன வயதில் விடுமுறைக்கு விடுமுறை மாறிய என் குறிகள் அதற்கப்புறம் மாறவில்லை. விடுதியில் என்னோடு படித்த தோழிக்கு அனுப்பினேன். அவளும் இதிலேயே எழுதுகிறாள். ஒருத்தி எழுதியதை இப்போது மற்றவள் படிக்கிறோம்.

ஸ்வரத்தை அசைத்து நெளித்து இசைக்கும் கமகம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட ஸங்கீத ஸம்பிரதாய ப்ரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி போட்டிருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னால் கண் உள்ளவர்களுக்காக அவ்வளவு உழைத்திருக்கிறார்கள். அந்தக் குறிகளை விரலுக்குக் கொண்டுவரும் வேலை மிச்சம் இருக்கிறது, நானும் தோழியும் நான்கு குறிகள் வரை வந்திருக்கிறோம். குருவிடம் கேட்டுத்தான் கமகம் வரும் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். கண் உள்ள மாணவர்களுக்கும் அப்படித்தான் வருகிறது. அதற்காக அவர்கள் யாரும் நோட்டை வீசிவிடவில்லை.

குழந்தைகளுக்கு நான் நோட்டுஸ்வரத்தில் தொடங்குவேன். முத்துஸ்வாமி தீட்சிதர் கும்பெனிக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் பாட்டெழுதியவை. ‘சக்தி ஸஹித கணபதிம்’ தெரியாத பாட்டு வகுப்பு உண்டா? நெளிவு அதிகம் இல்லாததால் ஸ்வர முறையிலும் மேல்நாட்டு முறையிலும் சுத்தமாக எழுதலாம். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஸ என்றால் ஸ, மற்றதில் ந என்றால் ஸ. விரல் இப்போது தடுமாறுவதில்லை.

புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-இல் மராகேஷில் ஓர் உடன்படிக்கை ஆனது. பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்குப் புத்தகங்களை மாற்றவும், நாடு விட்டு நாடு அனுப்பவும் பதிப்புரிமை தடையாக இருக்கக்கூடாது என்பது அது. 2014-இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. அதில் எழுத்து என்பதோடு குறியீடு என்ற சொல்லும் இருக்கிறது, அதாவது இசைக் குறியீடும் சேர்த்தி. பல நூலகங்களுக்கே இது தெரியவில்லை. தெரியாத இடத்தில் இந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

போன மார்கழியில் குழந்தைகளுக்காக ஒரு சின்ன மெட்டு அமைத்தேன். ஹரிகாம்போதி ராகம், இரண்டு வயலினுக்கு. இரண்டாவது வயலின் வாசிக்க ஒரு பையன், பன்னிரண்டு வயது. மேல்நாட்டு முறையில் நன்றாகப் படிப்பான். மியூஸ்ஸ்கோரில் ஜி-யை ஸட்ஜமாக வைத்து எழுதினேன். பழக்க தோஷத்தில் தொடக்கத்திலேயே ஒரு ஷார்ப் போட்டுவிட்டேன். அது சங்கராபரணத்துக்குச் சரி, அதன் நி உயர்ந்தது, காகலி. ஹரிகாம்போதியின் நிஷாதம், அதாவது நி, அரை ஸ்வரம் கீழே, கைசிகி. அதனால் நிஷாதம் வந்த இடமெல்லாம் ஷார்ப்பை நீக்கும் நேச்சுரல் குறி போட்டுச் சரிசெய்தேன். ராத்திரி பதினோரு மணிக்குப் 14-ஆவது அளவு மட்டும் பிடிக்கவில்லை, அழித்துப் புதிதாக எழுதினேன். காலையில் அப்பா கோப்பை பென் டிரைவில் கொண்டுபோய்ச் செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையில் தாளாக எடுத்துவந்து பையன் வீட்டில் கொடுத்துவிட்டார். நான் அவனுக்குப் பாடிக்காட்டவே இல்லை. எனக்குப் பஸ், ஒரு கல்யாணக் கச்சேரிக்குக் கானாடுகாத்தான் போக வேண்டியிருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பையன் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றுவிட்டேன். என் மெட்டு. நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத மெட்டு, என் வாயிலிருந்து வராமல், ஒரு தாளிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாற்பத்தோரு வயதில் அப்படி ஒன்றை முதல்முறையாகக் கேட்கிறேன். அப்பா என் பையை வாங்கிக்கொண்டது தெரிந்தது. அவரும் ஒன்றும் பேசவில்லை.

14-ஆவது அளவில் நிஷாதம் உயர்ந்து விழுந்தது. காகலி.

“அங்க தப்பு தம்பி. நிஷாதம் கீழ. ஹரிகாம்போதில அது வராது.”

“இல்ல டீச்சர். தாள்ல அப்படித்தான் இருக்கு.”

“சரியாப் பாரு.”

“பாத்துட்டேன் டீச்சர். மத்த இடத்துல எல்லாம் நேச்சுரல் போட்ருக்கீங்க. இதுல இல்ல.”

ஆர்பிட் ரீடரை எடுத்து மடியில் வைத்துக் கோப்பைத் திறந்தேன். ஊசிகள் எழும்பின. 12, 13, அப்புறம் 14. மேல் ஸ்தாயிக் குறி, அதையடுத்து நேராக ஸ்வரம். குறிக்கு முன்னால் ஒன்றும் இல்லை. அவன் சொன்னது சரி. நான் எழுதியதை எழுதியபடி வாசித்திருக்கிறான்.

“நீ வாசிச்சதுதான் சரி. நான்தான் விட்டுட்டேன்.”

அப்பா உள்ளே போய் ஒரு பென்சில் தேடி எடுத்துவந்து அவனிடம் கொடுத்தார். அவன் தாளில் அந்த இடத்தில் நேச்சுரல் குறி போட்டான், பென்சில் கீறும் சத்தம் கேட்டது. நான் கம்ப்யூட்டரைத் திறந்து கோப்பில் போட்டேன். சேமித்துவிட்டு மறுபடி விரலை வைத்துப் பார்த்தேன். இப்போது ஸ்தாயிக் குறிக்கு முன்னால் ஒரு கட்டம் கூடியிருந்தது. 1, 6. இடப்பக்கம் மேல் மூலையில் ஒன்று, வலப்பக்கம் கீழ் மூலையில் ஒன்று.

“முதல்லேர்ந்து வாசி தம்பி,” என்று சொல்லிவிட்டு நானும் வயலினை எடுத்தேன்.